பனி என்று முதலில் சொன்னது யார்

கள்ளக்குறிச்சியில் பிறந்து, அங்கேயே படித்து, பக்கத்து ஊரிலேயே வாழ்க்கைப்பட்ட ஒரு பெண் எத்தனை முறை பனிப்புயலில் சிக்கியிருக்க முடியும்? தமிழ்மொழிக்குக் கணக்கே நினைவில்லை. மே மாத மதியங்களில், கரண்ட் போய், மின்விசிறி நின்று, முதுகில் பாய் ஒட்டிக்கொள்ளும் நேரத்தில்தான் அவளுடைய குதிரை வண்டிகள் பெரும்பாலும் பனியில் புதைந்தன. விறைத்துப்போன விரல்களை எப்படித் தேய்த்து உயிர்ப்பிக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ரசம் நுரைத்து வரும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும் என்பது தெரியாது. இரண்டில் எது இதுவரை பயன்பட்டது என்று கேட்டால் அவளே சிரித்துவிடுவாள்.

எல்லாம் நூலகத்தின் மொழிபெயர்ப்பு அலமாரி செய்த வேலை. அந்த அலமாரியில் அவளுக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. அதைப் பற்றிப் பேச ஆள் கிடையாது. அம்மாவிடம் ஒரு பிரபுவின் சோகத்தைச் சொன்னால், "யாருடி அவன், எந்த ஊரு?" என்று கேட்பாள். தோழிகள், "படமா வந்துடுச்சா?" என்பார்கள். தனியாகவே அழுது, தனியாகவே மூக்கைச் சிந்தி, தனியாகவே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பகலவன் பெண் பார்க்க வந்தபோது, "ரெண்டு வார்த்தை தனியா பேசிக்குங்க" என்று இருவரையும் கொல்லைப்புறத்துக்கு அனுப்பினார்கள். மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்று அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்: "நாவலெல்லாம் படிப்பீங்களாமே. உங்களுக்குக் குளிர்கால நாவல் புடிக்குமா, கோடைகால நாவலா?"

அந்த இடத்திலேயே அவள் கழுத்தை நீட்டிவிட்டாள். மாட்டுத் தீவனக் கடையில் வேலை, சொந்தமாகப் பைக், கொஞ்சம் கரும்பு, இரண்டு கறவை மாடு என்பதெல்லாம் அவளுடைய அப்பாவுக்காக.

கச்சிராயபாளையம் ரோட்டில் இருந்த மாமியார் வீட்டில் ஒரு கூடமும் ஒரு அறையும் இருந்தன. அறையில் பீரோவும் நெல் மூட்டைகளும் இருந்தன. மிஞ்சிய இடத்தில் புது மாப்பிள்ளையும் பெண்ணும் இருந்தார்கள். பகலில் கதவைச் சாத்தினால் மாமியார் பூமாலை, "இன்னா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று உண்மையான கவலையோடு தட்டுவாள். ஆகவே அவர்களுடைய தாம்பத்தியம் பெரும்பாலும் பைக்கில்தான் நடந்தது.

"அருமைத் தோழியே, இந்த உலகம் நம்மைப் புரிந்துகொள்ளவில்லை" என்பான் அவன், வேகத்தடையில் ஏறி இறங்கிக்கொண்டே.

"ஓ, அப்படிச் சொல்லாதீர்கள்" என்பாள் இவள், கீழே விழாமல் இருக்க அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டே.

எட்டு மாதத்தில் ஒரு சண்டை கிடையாது. அவன் எதைச் சொன்னாலும் அவளும் அதையே நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். அவள் எதைச் சொன்னாலும் அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருவருக்கும் ஒன்றே தெரிவதுதான் காதல் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். அத்தனை வருடம் தனியாகப் பார்த்துத் தனியாகவே அழுதவளுக்கு, "ஆமா, எனக்கும் தெரியுது" என்று சொல்ல ஒருவன் கிடைத்ததைவிடப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியும் முன்பே கிளம்பி இருவரும் வெள்ளிமலைக்குப் போனார்கள். கோமுகி அணையைத் தாண்டி, கல்வராயன் மலை ஏற ஆரம்பித்து, இரண்டு வளைவு கடந்த இடத்தில் பகலவன் வண்டியை நிறுத்தினான். எங்கும் வெள்ளைப் புகை மூட்டம். கீழே ஒரு பக்கம் மூட்டம் கிழிந்து, எதிர்ச் சரிவு தெரிந்தது. சரிவு முழுக்க வெள்ளை. பால் வெள்ளை. இடையிடையே கறுப்பாகப் பாறை முனைகள்.

பனி.

தமிழில் காலையில் புல்லில் இருப்பதும் பனி, மார்கழியில் தலையில் இறங்குவதும் பனி, பஸ்ஸுக்கு முன்னால் வழியை மறைப்பதும் பனி, மொழிபெயர்ப்பாளர் எத்தனை அடி ஆழத்துக்குக் கொட்டினாலும் அதுவும் பனி. ஆனால் அவர்கள் பார்த்தது அந்தக் கடைசி வகைப் பனி. அதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. அவள் கண்களில் நீர் நின்றது. அவன் ஹெல்மெட்டைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டான்.

"எறங்கிப் பக்கத்துல போய்ப் பாக்கலாமா?" என்றான்.

"வேணாம். காலடி பட்டா அழகு கெட்டுடும்" என்றாள்.

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றான்.

போட்டோ எடுத்தார்கள். அதில் மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக இருந்தது, வேறொன்றும் இல்லை. மரம், பாறை, வானம் எதுவுமே விழாத அளவுக்கு அங்கே பனி இருந்திருக்கிறது என்பதற்கு அதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் தமிழ்மொழி மாமியாரிடம் சொன்னாள். "அத்த, வெள்ளிமலைல பனி பெய்யுது."

"பெய்யாம? மார்கழி மாசம் ஆச்சே" என்றாள் பூமாலை.

டீக்கடையில் பகலவன் சொன்னான். "மேல இந்த வருசம் பனி ஜாஸ்திதான் தம்பி. போன வருசம் கம்மி" என்றார் கடைக்காரர். பஸ் கண்டக்டர் ஒருவர், "கொட்டுது சார், கண்ணே தெரியல" என்றார். பால் ஊற்ற வந்தவர், தன் மாமனார் ஊர் கரியாலூரில் தை முடியும்வரை பனி இருக்கும் என்றார். உலகமே அவர்கள் பக்கம் நின்றது. ஒரு நாவலில்கூட இத்தனை சாட்சிகள் ஒரே மாதிரி பேசித் தமிழ்மொழி படித்ததில்லை. இவ்வளவு பெரிய அதிசயத்தை இவர்கள் இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்களே என்று இருவரும் பைக்கில் போகும்போது வியந்துகொண்டார்கள். எளிய மக்களின் மகத்துவம் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள்.

இதில் கல்லைப் போட்டவள் கண்ணகி. பகலவனின் அக்கா. சின்னசேலத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாலும் வாரம் ஒரு முறை தாய்வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுப் போகிறவள். தம்பியும் தம்பி பெண்டாட்டியும் மாறி மாறிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, முறுக்கைக் கடிப்பதை நிறுத்தினாள்.

"இரு இரு. பனின்னா எது? பனியா, ஐஸா? அத்தச் சொல்லு மொதல்ல."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஐஸ் மாதிரி... ஐஸ் இல்லக்கா. வெண்பனி" என்றான் பகலவன்.

"தரையில கொட்டிக் கெடந்துச்சா?"

"சரிவு பூரா, அண்ணி" என்றாள் தமிழ்மொழி.

கண்ணகி சிரிக்க ஆரம்பித்தாள். முறுக்குத் தூள் புரையேறி, பூமாலை வந்து தலையைத் தட்டித் தண்ணீர் கொடுத்த பிறகும் சிரித்தாள். "பேரு பகலவன். நீ போய் நின்னா இருக்கிற பனியும் காஞ்சிப் பூடும். உனக்கு எங்கேர்ந்துடா ஐஸ் கொட்டுச்சு? யம்மா, உன் மருமவளுக்கு ஸ்வெட்டர் எடுத்துக் குடு. சளி புடிச்சிக்கப் போவுது."

அன்றிலிருந்து கண்ணகி போன் செய்தால், "ஐஸ்காரி இருக்காளா?" என்றுதான் கேட்பாள். அதைக்கூடத் தமிழ்மொழி பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒரு நாள் மாவாட்டிக்கொண்டிருந்தபோது கண்ணகி சாதாரணமாகச் சொன்னது:

"தப்பா எடுத்துக்காத மொழி. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறத நானும் கேக்கறேன். ஒரே பனி, பனி. நாளைக்கு அது இல்லன்னு ஆயிட்டா உங்க ரெண்டு பேருக்கும் பேச இன்னாதான் இருக்குது?"

கிரைண்டர் சுற்றிக்கொண்டே இருந்தது. தமிழ்மொழி மாவைத் தள்ளிவிட மறந்தாள். உண்மையில் என்ன இருந்தது? யோசித்துப் பார்த்தாள். கரும்பு வெட்டு பற்றி அவன் தன் அம்மாவிடம் பேசுவான். வீட்டுச் செலவு பற்றி இவளும் மாமியாரிடம் பேசுவாள். இருவருக்கும் மட்டும் என்று இருந்தது அந்த ஒரு சரிவுதான். அது இல்லையென்றால் மறுபடி அவள் தனியாகத்தான் மூக்கைச் சிந்த வேண்டும். என்ன, இந்த முறை பக்கத்தில் ஒருவன் படுத்திருப்பான்.

அதற்குப் பிறகு சந்தேகம் வராமல் இருக்குமா? வந்தது. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெள்ளை இன்னும் பெரிய வெள்ளையானது. ஆனால் அவன் பார்த்திருக்கிறானே! அவன் அவ்வளவு உறுதியாக இருக்கும்போது அது எப்படிப் பொய்யாகும்? "நீங்க நல்லா பாத்தீங்கதான?" என்று கேட்டாள். "நீயும் பாத்தியே" என்றான் அவன். இருவருக்கும் தெம்பு வந்தது. அவளுடைய சாட்சி அவன், அவனுடைய சாட்சி அவள். வழக்கு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

காணும் பொங்கலன்று கண்ணகி தன் கணவர் அய்யப்பனோடும் அவருடைய வேனோடும் விடிவதற்குள் வந்து இறங்கினாள். "ஏறுங்க எல்லாரும். ஐஸ் பாக்கப் போறோம். அப்படி அங்க இருந்துச்சுன்னா நான் உன் காலத் தொட்டுக் கும்பிடறேன் மொழி. இல்லன்னா நீ இனிமே அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. சரியா?"

தமிழ்மொழி கணவனைப் பார்த்தாள். அவன் வேனைப் பார்த்துக்கொண்டே, "சரி" என்றான். அவளும், "நானும் அதத்தான் நெனச்சேன்" என்றாள். நினைக்கவில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துவிடலாமா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பூமாலை வந்து ஏறியபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குரங்குக் குல்லா, செத்துப்போன மாமனாரின் ஸ்வெட்டர், அதன்மேல் சால்வை. கையில் ஒரு தூக்கு.

"தூக்கு எதுக்கும்மா?" என்றான் பகலவன்.

"எதிர்வூட்டுச் செல்லியம்மா கேட்டா. கொஞ்சம் அள்ளிக்கினு வரேன்னு சொல்லிட்டேன்."

"யம்மா, நீ நம்புறியா இத்த?" என்று கத்தினாள் கண்ணகி.

"ரெண்டு பேரு சொல்றாங்களேடி. ஒருத்தருக்குத்தான் பைத்தியம் புடிக்கும். ரெண்டு பேருக்கு ஒரே நாள்லயா புடிக்கும்?"

தமிழ்மொழிக்கு மாமியாரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. இந்த வாதம் எந்தத் தத்துவப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக இல்லை.

இரண்டாவது வளைவில் அய்யப்பன் வேனை நிறுத்தினார். அன்றைக்கும் மூட்டம். எல்லோரும் இறங்கி, சாலையோரக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சிறிது நேரம் ஒன்றும் தெரியவில்லை. கண்ணகி கொட்டாவி விட்டாள். அப்போது மூட்டம் மெல்ல விலகியது.

சரிவு வெள்ளையாகக் கிடந்தது.

 பூமாலை, "அடி ஆத்தா" என்றாள். அய்யப்பன் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு, கும்பிடுவதா வேண்டாமா என்பதுபோல் நின்றார். கண்ணகியின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. தமிழ்மொழி பகலவனின் கையைப் பிடித்தாள்.  இருந்தது! பனி இருந்தது! அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் அவனோடு நான்கு முறை வாழ்ந்து முடித்துவிட்டாள்.

"கிட்ட போய்ப் பாப்பமே" என்றாள் கண்ணகி, தாழ்ந்த குரலில்.

"காலடி பட்டா..." என்று ஆரம்பித்தாள் தமிழ்மொழி.

"தூக்குல அள்ள வேணாமா?" என்று பூமாலை முன்னால் இறங்கிவிட்டாள்.

ஒற்றையடிப் பாதை வளைந்து இறங்கியது. பாதி தூரத்தில் ஒரு வாசனை வந்தது. புளித்த வாசனை. முன்னால் போன பூமாலையின் நடை தளர்ந்தது. குல்லாவைக் கழற்றினாள். மூக்கை உறிஞ்சினாள். குனிந்து வெள்ளையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, விரலிடுக்கில் உதிர்த்துப் பார்த்தாள்.

"இன்னாடா இது? திப்பி!"

மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவை எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கை. மலையடிவாரத்தில் கிழங்கு அரைக்கிறவர்கள் அதைப் பெரிய பாறைகளின்மேல் பரப்பிக் காயவைப்பார்கள். காய்ந்ததும் மூட்டை கட்டுவார்கள். மாட்டுக்குத் தீனி. பகலவன் வேலை செய்யும் கடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை விற்பது அதைத்தான். தமிழ்மொழி தினமும் பொழுதுசாய இரண்டு மாடுகளுக்கும் தொட்டியில் ஊறவைத்துக் கலக்குவதும் அதைத்தான். முழங்கை வரை கலக்குவாள். எட்டு மாதமாக.

கண்ணகி பாறையில் உட்கார்ந்துவிட்டாள். நின்றுகொண்டு சிரிக்க அவளுக்குப் பலம் போதவில்லை. "கடையில விக்கிறான்! வூட்ல கலக்குறா! மலைக்கு வந்து அத்தப் பாத்து அழுவுறாங்க!" என்று அய்யப்பனின் தோளில் குத்தினாள். அய்யப்பன், "ஒரு நிமிசம் நானும்தான் கும்பிடப் பாத்தேன்" என்றார் பெருந்தன்மையாக. பூமாலை, வந்ததுக்கு வீணாகக் கூடாது என்று, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தூக்கில் கொஞ்சம் திப்பியை அள்ளிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் பகலவன் முன்னால் அய்யப்பன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுடைய பிடரி மட்டும் தெரிந்தது. தமிழ்மொழி பின்னால் ஜன்னலோரம். முடிந்தது என்று நினைத்தாள். இனி வீட்டுக்குப் போனால் அவன் கரும்பைப் பற்றிப் பேசுவான். இவள் மாட்டுத் தொட்டியைக் கழுவுவாள். அவமானம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை; வேறொன்று குடைந்தது. அந்த வாசனை. அது அவனுக்கு எப்படித் தெரியாமல் போகும்? தெரிந்தே இவளுக்கு ஈடுகொடுத்துக்கொண்டிருந்தானா? அப்படியென்றால் அன்றைக்கும் அவள் தனியாகத்தான் பார்த்தாளா?

கேட்காமல் இருக்க முடியவில்லை. எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"இன்னாங்க, அன்னைக்கு உங்களுக்கு வாசன வரல?"

பிடரி திரும்பவில்லை. "வந்துச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"என் சட்டைலேர்ந்து வருதுன்னு நெனச்சேன்."

தமிழ்மொழி வாயை மூடிக்கொண்டாள். ஏனென்றால் அவளுக்கும் வந்திருந்தது. அவன் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு போகும்போதெல்லாம் வருகிற வாசனை, அன்றும் வந்தது, அவ்வளவுதான் என்று விட்டிருந்தாள்.

"வாசனய வுடு. பனின்னு நீதான சொன்ன?" என்று இப்போது அவன் திரும்பினான். "அதனாலதான் நானும் பாத்தேன்."

"நானா? 'ப்பா, இன்னா பனி'ன்னு சொன்னேன். குளுருதுன்னு சொன்னேன்! கை வெறச்சிக்கினு இருந்துச்சு. நீங்கதான் ஹெல்மெட்டக் கழட்டி, 'ஆமா... பனி'ன்னு இழுத்தீங்க, பாதிரியார் மாதிரி. அதுக்கப்புறம்தான் எனக்கே அப்படித் தெரிஞ்சுது."

"நீ அழுதுக்கினு இருந்த! உன் கண்ணுல தண்ணியப் பாத்துட்டுதான் கழட்டினேன்."

"காத்துல வந்த தண்ணிங்க அது! பைக்ல உக்காந்தா வராதா? வெச்சிருக்கிற ஒரு ஹெல்மெட்டயும் நீங்க போட்டுக்கினு வந்தா?"

 கண்ணகி மெதுவாக, "இது நாயம்தான். ரெண்டாவது ஹெல்மெட் ஏன்டா வாங்கல?" என்றாள்.

"நீ சும்மா இரு, அக்கா. இவதான் போட்டா காத்து மூஞ்சில படாது, விடுதலையா இருக்காதுன்னா."

"அது நீங்க சொன்னீங்க! நான் ஆமான்னேன்."

"அப்ப கத்திரிக்கா கொழம்பு? அதுவும் ஆமாவா?"

"எனக்கு ஆவவே ஆவாது. தெனம் சோத்துல ஒளிச்சி வெச்சிக்கினு கெடக்கிறேன்."

"அய்யய்யோ, அவனுக்கும் சின்னதுலேர்ந்து புடிக்காதேம்மா" என்றாள் பூமாலை. "உனக்கோசரம்தான் செய்யச் சொல்றான்னு நான் செஞ்சிக்கினு இருக்கேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் வெறித்தார்கள். தமிழ்மொழிக்கு உடம்பெல்லாம் சூடேறியது. இப்படிக் குரலை உயர்த்தி அவனிடம் அவள் பேசியதே இல்லை. "சரி. அந்தத் தடி நாவல், மூணு பாகம். கல்யாணத்துக்கு முன்னாடியே படிச்சிட்டேன்னீங்க. நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க."

பகலவன் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டான். "மொதல் பாகம்" என்றான். "அதுலயும் அந்த விருந்து வரைக்கும்."

"நான் விருந்துக்கே போவல" என்றாள் தமிழ்மொழி. "வாசல்லயே பேரெல்லாம் கொழம்பி, திரும்பி வந்துட்டேன்."

"முடிவ நெனச்சி அழுதியே!"

"நீங்க அழுதீங்களேன்னு அழுதேன்!"

"யோவ், வண்டிய நிறுத்துய்யா" என்று கண்ணகி காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். கோமுகி அணை வந்திருந்தது. "ரெண்டும் எறங்குங்க. இங்கியே அடிச்சிக்கினு முடிச்சிட்டு பஸ்ஸப் புடிச்சி வூடு வந்து சேருங்க. எங்களால ஆவாது."

அணையின் கரையில் காணும் பொங்கல் கூட்டம் அப்போதுதான் சேர ஆரம்பித்திருந்தது. புளிசாத மூட்டையோடு குடும்பங்கள் மரத்தடிகளைப் பிடித்துக்கொண்டிருந்தன. அவர்கள் இருவரும் கூட்டத்தைத் தாண்டி, கரையின் கோடிவரை, ஹெல்மெட் பற்றியும் பாதிரியார் மாதிரி இழுத்தது பற்றியும் சண்டை போட்டுக்கொண்டே நடந்தார்கள். மொழிபெயர்ப்புத் தமிழ் எந்த வளைவில் கழன்று விழுந்தது என்று தெரியவில்லை. அருமைத் தோழி என்று யாரும் யாரையும் கூப்பிடவில்லை. சொல்வதற்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. எட்டு மாதத்து ஆமாக்கள் வரிசையில் நின்றன. கால் வலித்த இடத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

எதிர்க்கரையோரம், தண்ணீருக்குள் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது.

"எருமை" என்றான் பகலவன்.

தமிழ்மொழி நாக்கு நுனிவரை வந்த 'ஆமா'வை விழுங்கினாள். நெற்றிக்குமேல் கையை வைத்துப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள்.

"பாறைங்க."

"எருமைம்மா. முதுகு தெரியுது பாரு."

"பாறைக்கும்தான் முதுகு இருக்குது."

"மாட்டுத் தீவனம் விக்கிறவன் நான். எனக்குத் தெரியாதா?"

"தெரியும் தெரியும். பாத்தோமே காலைல."

அவன் அவளை முறைத்தான். பிறகு வாயோரம் துடித்தது. அடக்கிக்கொண்டு, "சரி. அசையுதா இல்லையான்னு பாப்போம். அசையற வரைக்கும் இங்கேர்ந்து நகரக் கூடாது" என்றான்.

"நகர மாட்டேன்" என்றாள் அவள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு.

வெயில் ஏறியது. பொரி விற்பவர் ஒரு முறை வந்து போனார். தண்ணீருக்குள் கிடந்த கறுப்பு காதை ஒரு முறை ஆட்டி, தலையைத் தூக்கி, நிதானமாக மூச்சுவிட்டது.

"பாறைதான்" என்றாள் தமிழ்மொழி.